கோலகங்சார் மரத்தின் பிள்ளைகள்



தாப்பாவிலிருந்து வடக்கே போகும் பழைய சாலையில் கம்பார், கோப்பெங், ஈப்போ என்று ஊர்களைக் கடந்து, பேராக் ஆற்றங்கரையிலுள்ள அரச நகரமான கோலகங்சாருக்குப் போனால், அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே பலகை வைத்துக் காப்பாற்றி வரும் ஒரு மரத்தைக் காணலாம். பார்வைக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. நாம் காலமெல்லாம் பார்த்துப் பழகிய பால் மரம்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியை அழைத்துப் போய்க் காட்டினால், "இதைப் பார்க்கவா இத்தனை தூரம் கூட்டி வந்தாய்?" என்று கேட்டாலும் கேட்பார்.

ஆனால் அந்த மரம் நடப்பட்ட ஆண்டு 1877. இந்த நாட்டில் முதன்முதலாக வேர் பிடித்த ரப்பர் மரங்களுள் அது ஒன்று. அதோடு நடப்பட்ட மற்றவை போய்விட்டன. அந்த முதல் மரங்களின் விதையிலிருந்தும், விதையின் விதையிலிருந்தும் வந்தவைதாம் பிறகு தாப்பாவிலும், பீடோரிலும், நாடு முழுவதும் நிரை நிரையாக நின்ற மரங்கள். வரலாற்றுப் புகழ் பெற்ற ஒரு மரத்தின் விதையை எடுத்து வேறோர் இடத்தில் நட்டு, அதை நினைவு மரமாக வளர்க்கும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நம் மக்களுக்கு இந்த விஷயம் வேற்று நாட்டுக் கதையன்று என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்தின்மேல் அணுகுண்டு விழுந்தது. ஊர் சாம்பலாயிற்று. இனி அந்த மண்ணில் புல் பூண்டு முளைக்காது என்றே பலரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் கருகிப்போன சில மரங்களின் அடியிலிருந்து அடுத்த வசந்தத்தில் துளிர் விட்டது. அப்படிப் பிழைத்த மரங்களை அந்த நகரத்தார் பெயர்ப் பலகை மாட்டி இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். 2011-ஆம் ஆண்டு முதல் அவற்றின் விதைகளைச் சேகரித்து, கேட்கும் நாடுகளுக்கு அனுப்பும் ஓர் இயக்கமும் நடந்து வருகிறது. அந்த விதையில் வளரும் மரம் குண்டு விழுந்ததைப் பார்த்த மரமன்று. பார்த்த மரத்தின் பிள்ளை. அந்த உறவுக்காகவே அதைப் போற்றுகிறார்கள்.

பிள்ளை என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. விதைக்கும் ஒட்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஒரு மரத்தின் கிளையை வெட்டி ஊன்றினாலோ, அதன் மொட்டை எடுத்து வேறொரு கன்றில் ஒட்டுக்கட்டினாலோ வருவது அதே மரம்தான், வயதுதான் குறைவு. இலங்கையில் அனுராதபுரத்துப் போதி மரம் அப்படிப்பட்டது. புத்தர் ஞானம் பெற்ற அரச மரத்தின் தென்கிளையை அசோகச் சக்கரவர்த்தியின் மகள் சங்கமித்தை கொண்டுவந்தாள் என்றும், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அது அங்கே ஊன்றப்பட்டது என்றும் இலங்கையின் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கிளையில் வந்ததாகையால் அது அந்த மரமேதான். விதை அப்படியன்று. அதில் தாய் மரம் பாதி, மகரந்தம் தந்த மரம் பாதி. ஒரே தாயின் பிள்ளைகள் ஐந்து பேரும் ஐந்து விதமாக இருப்பதுபோல, ஒரே மரத்தின் விதைகளும் வெவ்வேறு குணத்தோடு வளரும்.

இதற்கு அழகான சான்று ரப்பர் விதையிலேயே இருக்கிறது. காய் முற்றி, வெயில் ஏறியதும், 'பட்' என்று வெடித்து மூன்று விதைகள் சிதறுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த விதைகளைப் பொறுக்கி விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அடுத்த முறை கையில் எடுத்தால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரே மரத்தின் விதைகளெல்லாம் ஒரே வடிவம், ஒரே மாதிரியான புள்ளியும் கோடும். பக்கத்து மரம் வேறு ரகமானால் அதன் விதையில் கோலம் வேறு. காரணம், விதையின் ஓடு முழுக்க முழுக்கத் தாயின் உடலிலிருந்து வருவது. உள்ளே இருக்கும் பருப்பும் முளையும்தான் தாய் தந்தை இருவருடையவை. அனுபவமுள்ளவர்கள் விதையின் ஓட்டைப் பார்த்தே இது எந்த ரக மரம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த விதை முளைத்து எவ்வளவு பால் கொடுக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஓடு தாயைக் காட்டிக் கொடுக்கும். உள்ளே இருப்பது வளர்ந்தால்தான் தெரியும்.

இனி, நம் மரத்தின் கதைக்கு வருவோம்.

தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டில் அமேசான் என்ற மாபெரும் ஆறு ஓடுகிறது. அதன் கிளை நதிகளில் ஒன்றின் பெயர் தபாஜோஸ். அந்தக் காட்டில்தான் 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளைச் சேகரித்தார். சேகரித்தார் என்றால் அவரே குனிந்து பொறுக்கவில்லை. அந்தக் காட்டின் பூர்வ குடிகளான செவ்விந்தியர்கள் பொறுக்கிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. விதைகளைக் கூடைகளில் காய்ந்த வாழைச் சருகை அடுக்கடுக்காக வைத்துக் கட்டி, கப்பலேற்றி, லண்டனுக்குக் கொண்டு போனார்கள். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுன் வீதம் விக்கமுக்குக் கூலி பேசப்பட்டிருந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'சர்' பட்டமும் கொடுத்தது.

அவர் விதைகளைத் திருடிக்கொண்டு போனார் என்று சொல்வோர் உண்டு. அன்று ரப்பர் விதையை வெளியே கொண்டு போகக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கவில்லை என்பதே ஆராய்ந்தவர்கள் சொல்வது. ஆனாலும் அந்த விதைகளால் பிரேசிலின் ரப்பர் வாணிகம் முப்பது நாற்பது ஆண்டுகளில் படுத்துவிட்டது. பிரேசில் மக்கள் மனம் கசந்ததில் வியப்பில்லை.

விக்கம் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. நெல்லையும் உளுந்தையும் காயவைத்துப் பானையில் போட்டு அடுத்த ஆண்டு விதைக்கிறோம். ரப்பர் விதையை அப்படி வைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். விழுந்து சில வாரங்களுக்குள் மண்ணில் போட்டாக வேண்டும். லண்டனுக்கருகில் கியூ என்னும் இடத்திலுள்ள அரசாங்கத் தாவரத் தோட்டத்தில், விதை வந்ததும் வராததுமாகக் கண்ணாடி வீடுகளில் விதைத்தார்கள். 70,000 விதையில் 3,000 கூட முளைக்கவில்லை. நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய 1,900-ஐக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். அவை ஹெனரத்கொட என்ற இடத்திலுள்ள தோட்டத்தில் நடப்பட்டன. நம் பக்கத்துக்கு முதலில் அனுப்பிய கன்றுகள் பிழைக்கவில்லை. 1877 ஜூன் மாதம் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த 22-இல் ஒன்பதுதான் பேராக் மாநிலத்துக்கு வந்து, கோலகங்சாரில் அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன.

எழுபதாயிரத்தில் தொடங்கிய கணக்கு ஒன்பதில் வந்து நின்றதைப் பாருங்கள். இப்போது கோலகங்சாரில் பலகையோடு நிற்பது அந்த ஒன்பதில் ஒன்று.

மரம் வளர்ந்தது, காய்த்தது. ஆனால் அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பிரேசிலில் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள். அப்படிக் கொத்தினால் மரம் புண்ணாகி விரைவில் கெட்டுவிடும். 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர்தான், பட்டையில் சாய்வாக ஒரு கீற்றுப் போட்டு, மறுமுறை அதே கீற்றின் ஓரத்தில் மெல்லிய சீவல் எடுத்தால் மரம் கெடாமல் பால் தொடர்ந்து வரும் என்று சோதித்துக் கண்டார். அன்று அவர் கண்ட முறைதான் நம் தாய்மார்களும் தகப்பன்மார்களும் விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மூன்று தலைமுறையாகச் செய்த வேலை. சீவல் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. அந்தக் கைப்பதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ரிட்லி தோட்டக்காரர்களைக் கண்டால் ரப்பர் விதையைச் சட்டைப் பையில் திணித்து அனுப்புவார் என்றும், அவரைப் பைத்தியக்காரர் என்று சிரித்தார்கள் என்றும் சொல்வார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் துணிந்து ரப்பர் பயிரிட்டார். அந்தக் காலத்திலேயே காப்பி விலை விழுந்தது. மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நம் குடும்பத்துப் பெரியவர்களே சொல்லக் கேட்டிருப்போம். காடு அழிந்தது, கப்பல் கப்பலாக நம் மக்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்கினார்கள். விதை ஒரு பக்கமிருந்து வந்தது, அதை வளர்த்த கை இன்னொரு பக்கமிருந்து வந்தது. இரண்டும் சந்தித்த இடம் இந்த மலாயா மண்.

தொடக்கத்தில் எல்லாத் தோட்டங்களிலும் விதைக் கன்றுகள்தாம். பிள்ளைகள் பலவிதம் என்றேனல்லவா? ஒரே நிரையில் ஒரு மரத்துக்கு மங்கு வழியும். அடுத்த மரத்தில் அடிமங்கு நனையாது. எது நல்ல மரம் என்று வெட்டுகிறவருக்குத் தெரியும். 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவா, சுமத்ரா தீவுகளில், நல்ல மரத்தின் மொட்டை எடுத்து விதைக் கன்றின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒட்டுப் பிடித்ததும் கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பின் வேர் ஒரு மரத்தினுடையது, தண்டு இன்னொரு மரத்தினுடையது. ஒட்டுமரத்தின் அடியில் யானைக்கால்போல ஒரு வீக்கம் இருக்கும். அதுதான் இரண்டும் சேர்ந்த இடம். விதை மரமோ அடி பருத்து மேலே போகப் போகச் சிறுத்திருக்கும். பால் வெட்டிய கைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சிலாங்கூரில் பெராங் பெசார் என்று ஒரு தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் அதைத் திறந்தார்கள். பெராங் பெசார் என்றால் மலாயில் பெரும்போர் என்று பொருள். அங்கே தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்களுக்கு 'பி.பி.' என்று பெயர். அதில் பி.பி. 86 என்ற ரகத்தையும் ஜாவாவில் தேர்ந்தெடுத்த ஒரு ரகத்தையும் சேர்த்துத்தான், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற புகழ்பெற்ற ரகத்தை உண்டாக்கினார்கள். தோட்டத்தில் "அறுநூறு" என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் விளங்கும். அந்தப் பெராங் பெசார் இன்று எங்கே? அந்த நிலத்தில்தான் நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா நிற்கிறது. 1990-களில் தோட்டம் போயிற்று, லயங்கள் போயின, அங்கிருந்த குடும்பங்கள் வேறிடம் போயின. ஆனால் பி.பி. ரகங்கள் ஒட்டு மூலமாக இன்னும் பல நாடுகளில் பால் கொடுத்துக் கொண்டிருக்கின்றன. மரத்துக்குக் கிடைத்த தொடர்ச்சி அதை வளர்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு சில மரங்களின் சந்ததி நாடு முழுவதையும் நிரப்பியதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாரும் நெருங்கிய சொந்தம் என்றால், ஒருவரைத் தாக்கும் நோய் எல்லாரையும் தாக்கும். தென் அமெரிக்காவில் ரப்பர் இலையைக் கருக்கி உதிர்க்கும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. மோட்டார் வண்டி செய்த ஃபோர்டு கம்பெனி 1928-இல் அதே தபாஜோஸ் ஆற்றங்கரையில் பெரும் ரப்பர்த் தோட்டம் போட்டது. அந்த இலைநோய் அதைத் தின்றுவிட்டது. 1945-இல் கம்பெனி கையை உதறிக்கொண்டு போய்விட்டது. விதை புறப்பட்ட ஊரிலேயே மரத்தை நிரையாக வைத்து வளர்க்க முடியவில்லை! அந்த நோய் இதுவரை நம் நாட்டுக்கு வரவில்லை. வந்தால் தாங்கும் மரம் வேண்டுமே என்ற கவலையில், 1981-இல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சேர்ந்து மறுபடியும் அமேசான் காட்டுக்குப் போனார்கள். இந்த முறை பிரேசில் அரசின் சம்மதத்தோடு 60,000-க்கும் மேற்பட்ட விதைகளைச் சேகரித்து, பாதியைப் பிரேசிலுக்கே விட்டுவிட்டு, மீதியில் பெரும்பங்கை மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். விக்கம் போன நூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின், முறையாகக் கேட்டு வாங்கி வந்த விதைகள் அவை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதையும் இதே ஜாதிதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்தப் பனையின் நான்கு கன்றுகள் 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த நான்கின் விதைகள் சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போயின. அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. 1917-இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் வாணிகத்துக்காக முதன்முதல் செம்பனை நட்டார்கள். இன்று தாப்பா வட்டாரத்தில் சாலையின் இருபுறமும் தெரியும் செம்பனைகளின் குடும்ப மரத்தில் அந்த நான்கு பனைகளும் இருக்கின்றன.

ஆக, நினைவு மரம் என்பது எங்கோ பூங்காவில் பெரிய மனிதர்கள் மண்வெட்டி பிடித்து நடுவது மட்டுமன்று. அப்படிப் பார்த்தால் நம் வேலைக்காடே அதுதான். பலகை மட்டும் இல்லை. கோலகங்சார் மரத்தைப் பற்றிப் பேசும்போது நட்டவர் பெயரைச் சொல்கிறோம், அனுப்பியவர் பெயரைச் சொல்கிறோம். அதன் பிள்ளைகளுக்குப் பால் வெட்டியவர்களையும் ஒரு வரியில் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

தோட்டம் விற்கப்பட்டு, வீடுகள் காலியாகும்போது, மக்கள் சாமி படத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கோயிலடி வேம்பும், ஆலயத்து அரசும், பள்ளிக்கூடத்துப் புளியும் நின்று போகின்றன; பிறகு இயந்திரம் வந்து தள்ளிவிடுகிறது. அவற்றின் விதையை எடுத்துப் போக வழியுண்டு. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வேப்பம் விதையும் ரப்பர் விதையைப் போல அவசரக்காரி. மஞ்சளாகப் பழுத்து விழுந்த பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஓரிரு நாள் ஆறவிட்டு, இரண்டு வாரத்துக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். புட்டியில் போட்டு வைத்துத் தீபாவளிக்கு நடலாம் என்றால் முளைக்காது. புளியங்கொட்டை பொறுமைசாலி. உலர்த்தி வைத்தால் பல மாதம் இருக்கும். விதைக்குமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் எளிதில் முளைக்கும். அரசம் விதை கடுகைவிடச் சிறியது. பறவை தின்று எச்சமிடும் இடத்தில், சுவர் இடுக்கிலும் கூரைச் சந்திலும் தானே முளைத்திருக்கும். ஆலயத்துச் சுவரில் முளைத்த கன்றை வேரோடு மெல்லப் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது எந்த அரச மரத்தின் பிள்ளை என்று பறவைக்குத்தான் தெரியும். அதே மரம்தான் வேண்டும் என்போர் போத்து, அதாவது கிளைத்துண்டு, நட வேண்டும். விரல் பருமன் கிளையை மழை நாளில் ஊன்றி நிழல் கட்டினால் சில பிடிக்கும். ஒன்றுக்குப் பத்தாக நடுவது நல்லது. இன்னொன்று: அரசும் ஆலும் வீட்டுச் சுவரையும் கால்வாயையும் பிளந்துவிடும். தரை வீட்டு முற்றத்தில் வேண்டாம். ஆலயத் திடலிலோ ஆற்றோரத்திலோ நடுங்கள். வேம்பை முற்றத்தில் தாராளமாக வைக்கலாம்.

கன்று நட்டதும் பலரும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, தாய் மரம் எங்கே நின்றது, விதை எடுத்த நாள், நட்ட நாள், நட்டவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். கோலகங்சாரில் ஒன்பது மரம் நட்டார்கள் என்று இன்று நாம் சொல்ல முடிகிறதென்றால், அன்று யாரோ ஒரு கிராணி அதைக் கணக்கில் குறித்து வைத்ததால்தான். மரப்பலகை நம் மழைக்குப் பத்து ஆண்டுகூடத் தாங்காது. தகரத்தில் ஆணியால் குத்தி எழுதினால் கூடுதல் காலம் நிற்கும். பலகையை மரத்தில் ஆணியடித்து மாட்டாதீர்கள். மரம் பருக்கப் பருக்கப் பட்டை அதை விழுங்கிவிடும். பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் மாட்டுங்கள். அதே விவரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஆலயத்திலோ பள்ளியிலோ கொடுத்து வையுங்கள்.